சாப்பிட உட்காரவைத்த தேவன்

போன வருடம் மழைக்காலத்தில் என் தங்கை கெசியா எங்கள் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, விபத்து இல்லை. சோறு இருந்தது, குழம்பு இருந்தது, "ஒரு வாய் தின்னுட்டி" என்று அழுகிற அம்மா இருந்தாள். பிள்ளை மட்டும் சாப்பிடவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அவளால் சாப்பிட முடியவில்லை. அந்த நாட்களில் என் ஜெபத்தில் வார்த்தையே இருக்காது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மழையில் ஆபீஸுக்கு நடப்பேன்.

பிரியமானவர்களே, எனக்கு எதையும் கடைசிவரை அடக்கிவைக்க வராது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெசியா பிழைத்தாள். இதை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் எழுத எழுத வாசித்துக் காட்டுகிறேன். "யக்கா, ரொம்ப செண்டி ஆக்காத. டாக்டர்ட்ட சீக்கிரம் போனோம்ல, அத மொதல்ல எழுது" என்கிறாள். சரி, எழுதிவிட்டேன். சீக்கிரம் போனோம். அந்தச் சீக்கிரத்தையும் கர்த்தரே கொடுத்தார்.

நாங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறாள். நான் படிப்பு முடித்து ஒரு ஆபீஸில் வேலை செய்கிறேன். கெசியா அப்போது பத்தாம் வகுப்பு. சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். எங்களுக்கு ஒரே அறைதான் வீடு. தையல் மெஷின், கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள். யாராவது தும்மினால் நால்வருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வியாதி எப்படி ஒளிந்திருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நாங்கள் நால்வரும் ஒன்றாகச் சாப்பிட்டதே இல்லை. அப்பா விடியுமுன் கிளம்பிவிடுவார். நான் ஓடுகிற ஓட்டத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன். அம்மா மெஷினில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவாள். யார் எப்போது எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பம்பாயில் பாதி வீடுகள் இப்படித்தான்.

ஆரம்பம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளில். பாடகர் குழுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவதாகத் தீர்மானம் எடுத்தார்கள். ஒருத்தி சாக்லேட், ஒருவன் கேம், கெசியா இரவுச் சாப்பாடு. நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உயிர்த்தெழுந்த ஞாயிறு வந்தது. மற்றவர்கள் விட்டதை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். கெசியா பிடிக்கவில்லை. இரவு போய், காலையும் போயிற்று. "உபவாசத்துல இருக்கேன்" என்பாள். உபவாசம் என்று சொன்ன பிள்ளையிடம் எங்கள் வீட்டில் யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்? சபையிலே சாட்சி நேரத்தில் அவளை முன்னால் நிறுத்திப் பாராட்டினார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள்ல இப்படி ஒரு ஜெப வீராங்கனையா!" என்று கைதட்டல். அதுபோக ஆன்ட்டிமார் வேறு. "ஏட்டி கெசியா, எப்படி இப்படி ஸ்லிம் ஆன? எம் மவளுக்கும் சொல்லிக் குடு."

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. உள்ளே ஒன்று புகுந்து அவளையே நடத்திக்கொண்டிருந்தது. ஜூன் மாதப் புழுக்கத்தில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டாள். கை ஐஸ் மாதிரி இருக்கும். குளியலறையில் முடி முடியாக உதிர்ந்தது. மாதவிலக்கு நின்றுபோனது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தன் தட்டைத் தள்ளிவிட்டு எங்களுக்குக் கேசரி கிண்டிக்கொடுத்து, நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடி முன்னால் நின்று, "வயிறு எப்படித் தள்ளிட்டு நிக்கு பாரு" என்பாள். அங்கே வயிறே இல்லை.

பக்கத்து கிளினிக்கில் அசிடிட்டி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு டானிக். பிறகு பூச்சி மருந்து. ஒரு சனிக்கிழமை பாடல் பயிற்சியில் எழுந்து நின்றவள் அப்படியே மடிந்து விழுந்தாள். பாட்டு நிற்கவில்லை. ஒரு வரி பாடி முடிந்த பிறகுதான் ஒரு குரல் குறைகிறதென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சயானில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பிடித்துப் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார், இரத்தம் எடுத்தார். கெசியாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார். இது அனோரெக்ஸியா. மனசிலும் உடம்பிலும் சேர்ந்து வருகிற வியாதி. அடம் இல்லை, ஸ்டைல் இல்லை. பெண் பிள்ளைக்கு வரும், ஆண் பிள்ளைக்கும் வரும். இருதயத் துடிப்பை மெதுவாக்கும், எலும்பைத் தின்னும், உயிரையும் எடுக்கும். நாடி இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஆனால் நீங்கள் ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள். வீட்டிலேயே மீட்கலாம். அதற்கு உங்களைப் பழக்குகிற மனநல ஆலோசகர் ஒருவர் செம்பூரில் இருக்கிறார், தமிழ்க்காரர்தான், உடனே போய்ப் பாருங்கள்.

இங்கேதான் எங்கள் ஜனம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை நாங்கள் செய்தோம். பிள்ளை சாப்பிட வேண்டும் என்பதற்காக உபவாசம் இருந்தோம்!

சிரிக்காதீர்கள். அன்று அது எங்களுக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. சபையிலே சங்கிலி உபவாச ஜெபம் அறிவித்தார்கள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, விடாமல் கெசியாவுக்காக. எங்கள் பாஸ்டர் ஞானதாஸ் ஐயா தானும் காலைச் சாப்பாட்டை விட்டார். அப்பா ஒரு படி மேலே போய்ப் பொருத்தனை பண்ணினார். மகள் சாப்பிடுகிற நாள்வரைக்கும் பகல் முழுதும் பல்லில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படாது என்று ஆலயத்தில் முழங்காலில் நின்று சொன்னார். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். கெசியா அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

செம்பூரில் நாங்கள் பார்த்தவர் காயத்ரி மேடம். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் வளர்ந்தவர். நரைத்த முடி, பெரிய பொட்டு, பேச்சில் ஒரு குறும்பு. முதல் நாள் அம்மா உட்கார்ந்ததும் உடைந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்? எந்த இடத்துல விட்டேன்?"

"ஒரு தப்பும் நீங்க பண்ணலை. ரோட்டுல அடிபட்ட கொழந்தைய மடியில வெச்சுண்டு வண்டி நம்பர தேடிண்டு இருப்பேளா? மொதல்ல அவளப் பார்க்கணும். காரணமெல்லாம் அப்புறம் ஆற அமரப் பேசலாம்."

பிறகு சொன்னார். இந்த வைத்தியத்தில் சாப்பாடுதான் மருந்து. அதைக் கொடுக்கிறவர்கள் தாயும் தகப்பனும். இப்போதைக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதைக் கெசியா தீர்மானிக்க வேண்டாம். அவளிடம் விட்டால் அவளுக்குள் இருக்கும் வியாதிதான் தீர்மானிக்கும். அந்தப் பொறுப்பை அம்மாவும் அப்பாவும் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் கூட உட்கார வேண்டும். பேரம் கூடாது, அடி கூடாது, கெஞ்சல் கூடாது. முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. அவள் தேறத் தேறப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாராவாரம் இங்கே வர வேண்டும், நாடியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நான் சும்மா இருப்பேனா? அதற்குள் போனில் என்னென்னவோ படித்துவிட்டேன். புரதம், இரும்புச்சத்து என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"பெனிட்டா, உனக்கு ஒரே ஒரு வேலைதான். நீ அவளுக்கு அக்கா. அசிஸ்டென்ட் டாக்டரும் இல்லை, போலீஸும் இல்லை. அவளோட சண்டை போடற வேலை இவாளோடது. அவள சிரிக்க வெக்கற வேலை உன்னோடது. ஒத்துண்டியா?"

"சிரிக்க வைக்கதெல்லாம் இவளுக்கு வராது மேடம்," என்றாள் கெசியா. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம்.

அடுத்த முறை குடும்பச் சாப்பாடு. ஒரு வேளைச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வந்து அவர் அறையில் அவர் முன்னால் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு எது தேவை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்றார். அம்மா அயிலை மீன் குழம்பு வைத்தாள். சிறு வயதில் கெசியா அதற்கு உயிரை விடுவாள். செம்பூர் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்த பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"ஐயோ மேடம், நீங்க சைவம்லா. வாசனை..."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இந்த அறைக்குள்ள எல்லா வாசனையும் வந்திருக்கு, மூக்கு பழகிடுத்து. பரிமாறுங்கோ."

அம்மா பரிமாறினாள். எனக்கு ஒரு தட்டு, கெசியாவுக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டார் காயத்ரி மேடம்.

"பொருத்தனை மேடம். பிள்ள சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

கெசியா தட்டை முன்னால் தள்ளினாள். கோபம் வந்தால் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இந்திதான் வரும். "நஹி கானா மத்லப் நஹி கானா!" என்று கத்தினாள். வேண்டாம் என்றால் வேண்டாம். பிறகு அதே மூச்சில் தமிழில் அழுகையாக: "அப்பா சாப்பிடல. பாஸ்டர் அங்கிள் சாப்பிடல. சர்ச்ல பாதிப் பேரு சாப்பிடல. எல்லாரும் எனக்காகப் பட்டினி கெடக்காவ. நான் மட்டும் ஒக்காந்து மீன் தின்னணுமா? எனக்கு என்ன தகுதி இருக்கு?"

காயத்ரி மேடம் அப்பாவைப் பார்த்தார். பதிலை அவரிடம் விட்டுவிட்டார். அன்று கெசியா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. குழம்பை மூடிக்கொண்டு திரும்பினோம். அந்த வார நாடி இன்னும் இறங்கியிருந்தது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர்.

நாங்கள் எதைக் கேட்டு உபவாசம் இருந்தோமோ, அந்த உபவாசமே அவளுக்குப் பூட்டாகியிருந்தது. அவளுக்குள் இருந்த வியாதிக்கு எங்கள் சபை முழுவதும் துணை நின்றதுபோல ஆகிவிட்டது. பட்டினிதான் பரிசுத்தம் என்று அது அவள் காதில் ஓதிக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு ஆமென் போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். நானும் கூடவே ஓடினேன். ஆண்டவரிடம் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்று அப்பாவுக்கு நடுக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொருத்தனை என்றால் சும்மா இல்லை. கொடுத்த வார்த்தையை எடுத்தால் பிள்ளைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்தார்.

பாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணாச்சி, ஆண்டவர் நம்ம ஜெபத்துக்கு எப்பவோ பதில் அனுப்பிட்டாரு. வழி சொல்லுத டாக்டர் கெடச்சாச்சு, செம்பூர்ல ஒரு அம்மாவக் காட்டிட்டாரு. பதில் தட்டுல வந்து ஒக்காந்திருக்கு. நாம தட்டத் தள்ளி வச்சிட்டு, பதில் தாரும் ஆண்டவரேன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"அப்ப என் பொருத்தனை?"

"வாரும், ரெண்டு பேருமா முழங்கால்ல நின்னு அத ஆண்டவர் பாதத்துல வச்சிருவோம். வேற பொருத்தனை பண்ணும். எம் பிள்ளையோட ஒக்காந்து சாப்பிடுவேன், அவ முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு பண்ணும். அது இதவிடக் கஷ்டம்."

ஜெபம் பண்ணினார்கள். ஆமென் சொல்லி எழுந்ததும் பாஸ்டர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "யம்மா, ரெண்டு தோசை ஊத்து. காலையில சாப்பிடாமப் பிரசங்கம் ஆயத்தம் பண்ணுனா எனக்கு ஒரு வசனமும் நெஞ்சுல நிக்க மாட்டேங்கு."

மறுநாள் காலை. அதுவரை அப்பா காலை டிரிப்பை முடித்துவிட்டு மத்தியான டிரிப் வரை மாட்டுங்காவிலேயே பஸ்ஸுக்குள் படுத்திருப்பார். அன்று முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். அம்மா தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்தினாள். நான் ஆபீஸில் லேட்டாக வருவதாகச் சொல்லியிருந்தேன். நால்வரும் தரையில் உட்கார்ந்தோம். முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. இட்லி, சட்னி, முட்டை, ஒரு டம்ளர் பால். அப்பா ஜெபித்தார். பிறகு எல்லோருக்கும் முன்னால் தன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். பகலில் அவர் சாப்பிட்டுப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்காமல் மென்றார்.

"நான் சாப்பிட்டேன். இனி நீ."

"முடியாதுப்பா."

"முடியாதுன்னு உன் சீக்கு சொல்லுது. எம் மவ சொல்லல. சாப்பிடு தாயி."

"தொண்டைல இறங்காது. நீங்க எல்லாரும் சேந்து என்னக் கொல்லுதீங்க!"

அம்மா எழப்போனாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏட்டி, மழை பேஞ்சா சயான் சர்க்கிள்ல பஸ் எப்படி நிக்கும்னு தெரியுமா? பின்னால அம்பது பிள்ளைங்க கத்தும். நான் ஹார்ன்ல கை வைக்க மாட்டேன். வழி விடுத வரைக்கும் நிப்பேன். இங்கயும் நிப்பேன்."

நின்றார். சட்னி காய்ந்தது. அம்மா பாலை மறுபடி சூடாக்கினாள். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். என் வேலை சிரிக்கவைப்பது என்பதால், எங்கள் ஆபீஸ் மேனேஜர் மீட்டிங்கில் மைக் அணைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு தன் மனைவியிடம் திட்டு வாங்கிய கதையை நடித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். அது அவ்வளவு கேவலமாக இருந்ததால் கெசியாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அவள் இட்லியில் ஒரு துண்டு பிட்டாள். வாய்க்குக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

ஸ்தோத்திரம்! அந்த ஒரு வாய்க்கு நான் இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்று அவள் முழுதும் முடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாளும் இல்லை. தட்டு பறந்திருக்கிறது. சுவரில் சாம்பார்க் கறை இன்னும் இருக்கிறது. "ஐ ஹேட் யூ" என்று அவள் கத்திய நாட்களில் அம்மா மெஷின் பக்கம் திரும்பி அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த வேளைக்குச் சோறு போட்டாள். நாங்கள் சலித்துப்போய் எழுந்துவிடுவோம் என்று வியாதி எதிர்பார்த்தது. நாங்கள் எழவில்லை. சாப்பிட்ட பிறகு அவளுக்கு மனம் கொதிக்கும். அந்த நேரத்தில் தனியே விடாமல் நான் கேரம் போர்டைப் போடுவேன். என்னைத் தோற்கடிப்பதில் அவளுக்கு ஒரு வெறியே வந்தது. தோற்றேன். எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்பேன்.

சபை என்ன செய்தது தெரியுமா? அந்த ஞாயிறே பாஸ்டர் மேடையில் நின்று அறிவித்தார். "சங்கிலி ஜெபம் தொடரும். உபவாசம் முடிந்தது. உங்கள் முறை வரும்போது முழங்கால்படியிட்டு ஜெபியுங்கள். எழுந்து உங்கள் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்." அப்பா ஓட்டமுடியாத டிரிப்புக்குச் சபையில் ஒரு அண்ணன் மாற்று டிரைவராக நின்றார். உபவாசத்துக்கு வரிசையில் நின்றவர்கள் மீன் வாங்கிக்கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

அதில் வந்த ஆசீர்வாதம் ஒன்றைக் கேளுங்கள். அப்படி ஒன்றாய் உட்கார ஆரம்பித்த ஒரு வீட்டில், ப்ளஸ் டூ படிக்கிற மகன் சோற்றைத் தொடுவதே இல்லை என்று பெற்றோர் முதல்முறையாகக் கவனித்தார்கள். ஜிம்மில் மணிக்கணக்காக ஓடுகிறவன். உடம்பைத் தேற்றுகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். உடனே செம்பூருக்குக் கூட்டிப்போனார்கள். எங்களைவிடச் சீக்கிரம் போனார்கள். எங்களைவிடச் சீக்கிரம் மீண்டார்கள்.

கணபதி ஊர்வலங்கள் போகிற சமயத்தில் கெசியாவின் நாடி ஏறியது. கைக்குச் சூடு வந்தது. தீபாவளி லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி முழு நாள் போனாள். மாதவிலக்கு திரும்ப வந்த அன்று அம்மா வெட்கத்தை விட்டுத் தெருவெல்லாம் கேட்க அல்லேலூயா சொன்னாள். கெசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு சறுக்கலும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஒரு ஆன்ட்டி அவள் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் நல்லா குண்டாயிருக்க!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கெசியா வீட்டுக்கு வந்து சாப்பிட மறுத்தாள். இரண்டு நாள் பழையபடி யுத்தம். மூன்றாம் நாள் அம்மா அந்த ஆன்ட்டி வீட்டுக்கே போனாள். அதிராத குரலில் பேசினாள்:

"யக்கா, எம் பிள்ள மெலிஞ்சத நீங்க புகழ்ந்தீங்க. இப்ப தேறுனதயும் புகழுதீங்க. அவ உடம்ப விட்ருங்க. அவ பாட்டப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க."

கிறிஸ்துமஸ் ஆராதனையில் கெசியா தனியாக ஒரு சரணம் பாடினாள். முடிந்ததும் அந்த ஆன்ட்டிதான் முதலில் ஓடிவந்தார். "ஏட்டி, மேல போன அந்த எடம் இருக்குல்லா, எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு!" என்றார். கெசியா சிரித்த சிரிப்பு எனக்குப் போதும்.

பிறகு காயத்ரி மேடம் அப்பா அம்மாவுக்கு ஒரு புதுப் பாடம் வைத்தார். பிடித்ததைவிட விடுவது கஷ்டம் என்று எச்சரித்தார். மெல்ல மெல்ல அவள் தட்டை அவளிடமே கொடுங்கள். முதலில் மாலை டிபன். பிறகு பள்ளி டப்பா. "நீங்க நல்லாப் பழகிட்டேள். இனிமே பார்க்காம இருக்கப் பழகணும்," என்றார். அம்மாவுக்கு அது வரவே இல்லை. டப்பாவைத் திறந்து பார்க்கக் கை துடிக்கும். அப்பா ஒரு நாள் டப்பாவைப் பிடுங்கித் தானே கழுவிவைத்தார்.

ஜனவரியில் எங்கள் சபையின் பிரதிஷ்டை பண்டிகை. திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. பண்டிகை நாளில் சபையார் எல்லோரும், ஏழை பணக்காரர் பார்க்காமல், வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே அண்டாவின் சோற்றைச் சாப்பிடுவது. தாராவியிலும் அதை விட்டுவிடவில்லை. பள்ளிக்கூட ஹாலை வாங்கி நடத்துவோம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சைவக்காரர்களுக்குச் சாம்பார்.

கெசியாவுக்கு இது எப்படிப்பட்ட சோதனை என்று யோசியுங்கள். அம்மா சமைத்ததல்ல. அளவு தெரியாது. சுற்றிலும் நூறு கண்கள். பக்கத்தில் அப்பாவும் இல்லை. அவர் பந்தி பரிமாறுகிற குழுவில் இருந்தார். "நான் பாட்டுக்கார பிள்ளைகளோட ஒக்காருதேன்" என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கிள்ளினாள்.

"என்ன செய்யுதா? சாப்பிடுதாளா?"

"பாக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கல்லா."

"நான் பாக்கல. நீ பாத்துச் சொல்லு."

நானும் பார்க்கக்கூடாதுதான். ஆனாலும் ஸ்டூலில் ஏறினேன். ஜெபம் முடிந்தது. வரிசை முழுதும் இலையில் கை வைத்தது. கெசியா குழம்பைச் சோற்றில் பிசைந்தாள். பக்கத்துப் பிள்ளை என்னவோ சொல்ல, வாயில் சோற்றோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மறுபடி பிசைந்தாள். மறுபடி சாப்பிட்டாள். தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது அப்பா குழம்பு வாளியோடு அந்த வரிசைக்குள் வந்தார். ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "குழம்பு, குழம்பு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் இலைக்கு முன்னால் வந்தார். எத்தனையோ வேளை அவள் தட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர்.

"குழம்பு?"

"கொஞ்சம் ஊத்துங்கப்பா. கறி வேணும், எலும்பு வேண்டாம்."

ஊற்றினார். அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. "குழம்பு, குழம்பு" என்ற அந்தக் குரல் வரிசையின் கடைசிவரை போயிற்று. கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "சாப்பிடுதாம்மா. அப்பா போயிட்டாரு, அவ பாட்டுக்குச் சாப்பிடுதா" என்றேன்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக! இன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு நால்வருக்கும் சேர்ந்துதான். தையல் மெஷின் சுவரோரமே நிற்கிறது. கெசியா போர்டு பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். டாக்டரிடம் இன்னும் போய் வருகிறோம், போவதை நிறுத்தச் சொல்லும் நாள்வரை போவோம். என்னைக் கேரமில் இன்னும் தோற்கடிக்கிறாள். இப்போது நான் நிஜமாகவே ஜெயிக்கப் பார்க்கிறேன், அப்படியும் முடியவில்லை.

இதை வாசிக்கிற அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யாராக இருந்தாலும் சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டைக் கண்டு ஒதுங்குகிறதா? மெலிந்துகொண்டே போய், இன்னும் மெலிய வேண்டும் என்கிறதா? பயந்துகொண்டு காத்திருக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உபவாசம் என்று சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள். முழங்காலில் நின்று ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். எழுந்து இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்களை விசுவாசத்தோடு உட்காரவைத்தவர் உங்களையும் உட்காரவைப்பார். பிள்ளை முதல் வாயை எடுக்கத் தாமதமாகலாம். அதுவரை அவர் உங்களோடு அந்தப் பாயிலேயே இருப்பார்.